என் அண்ணன் செத்த படங்கள்

என் வீட்டுக்காரர் எடுத்த பேய்ப்படங்களில் ஒன்றைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். புண்ணியம் செய்தவர்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள், பாதிப் பேர் அதில் செத்தும் இருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் அவர்களைக் கொன்ற பேய் நான்தான்.

அவருக்கு வேலை குளியலறைச் சாமான் விற்கிற ஷோரூமில். உள்ளே போனால் வரிசையாகக் குளியல் தொட்டிகள், ஷவர்கள், வாஷ்பேசின்கள், கமோடுகள், சுவர் முழுக்க டைல்ஸ். பார்க்கப் பளபளவென்று இருக்கும், எந்தக் குழாயைத் திறந்தாலும் சொட்டுத் தண்ணீர் வராது. வார விடுமுறையன்று முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு அங்கேதான் படம் எடுப்பார். அதுவும் பட்டப்பகலில். "பேய்னா ராத்திரிதானேங்க வரணும்?" என்று முதல் படத்தின்போதே கேட்டேன். "ராத்திரி எடுக்க லைட்டுக்கு எங்க போறது? காலைல எழுந்து நான் கடை திறக்க வேணாமா? நம்ம பேய் பகல் ஷிப்ட்" என்றார்.

கேமரா என்பது அவருடைய செல்போன். ஷவர் மாட்டுகிற கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார். கதை என்று ஒன்று உண்டு, எல்லாப் படத்துக்கும் அதே கதைதான். யாரோ தொட்டி வாங்க வருவார்கள். அளவு சரியாக இருக்கிறதா என்று ஏறிப் படுத்துப் பார்ப்பார்கள். அடியிலிருந்து நான் எழுவேன். அவ்வளவுதான், ஆள் காலி.

நான் பேக்கரியில் வேலை பார்க்கிறேன், அதனால் மேக்கப் என் பொறுப்பு. மைதா மாவை முகத்தில் அப்பிக்கொள்வேன். விடுமுறை நாளில் ஷோரூமில் ஏசி ஓடாது. கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, மாவு பிசைந்த பதத்துக்கு வந்து, மூக்கிலிருந்து உருண்டையாக விழும். ரத்தம் என்பது பேக்கரியில் மீந்த ஜாம். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகவே இருந்தது. எறும்புக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. எங்கள் பேக்கரி முதலாளியம்மா பிணமாகக் கிடந்தபோது எறும்பு ஏறிவிட்டது. அந்தம்மா முதலில் கால் கட்டைவிரலை ஆட்டினார். அப்புறம் இடுப்பை நெளித்தார். அப்புறம் "ஐயோ அம்மா" என்று எழுந்து கடை முழுக்க ஓடினார். என் வீட்டுக்காரர் அதை வெட்டவே இல்லை. "செத்தவங்க எழுந்து ஓடுனா அதுவும் பயம்தானே" என்று சொல்லிவிட்டார்.

ஷோரூமின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒரு படத்தில் நான் தொட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு எழுகிறேன். பின்னால் வெளியே ஒருவர் வந்து நின்று கண்ணாடியைத் தட்டுகிறார். அவருக்கு வாஷ்பேசின் வேண்டுமாம். நான் பேய்க்கோலத்திலேயே திரும்பி, இன்றைக்குக் கடை லீவு என்று கையை ஆட்டுகிறேன். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டுப் போகிறார். அவ்வளவும் படத்தில் இருக்கிறது. அன்றைக்குக் கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது.

இதைப் பார்க்க ஏன் இத்தனை பேர் அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன். பெரிய ஆட்கள் எடுத்த பேய்ப்படத்தில் பேய் வந்தால் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்து பாத்ரூம் போகத் துணைக்கு ஆள் தேடுகிறோம். எங்கள் படத்தில் பேய் வந்தால் ஜனம் கண்ணை அகலத் திறக்கும். பேய் வாட்ச்சைக் கழற்ற மறந்துவிட்டதா, தொட்டியில் விலைச்சீட்டு தொங்குகிறதா என்று ஆளுக்கு ஆள் தேடும். பேய் பேக்கரியில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சாவு என்றால் யாருக்கும் அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதையே மாவும் ஜாமும் பூசி, விலைச்சீட்டோடு காட்டினால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. இதை ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப யாருக்கும் பயமே இல்லையா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று.

படம் போடுவது ஷோரூமுக்குப் பின்னால் இருக்கிற குடோனில். நாற்காலியெல்லாம் கிடையாது. அட்டைப்பெட்டியோடு இறக்கி வைத்திருக்கிற கமோடுகளின் மேல்தான் உட்கார வேண்டும். முன்வரிசை செத்தவர்களுக்கு. அந்தப் படத்தில் யார் செத்தார்களோ அவர்கள் மட்டும்தான் அங்கே உட்காரலாம். ஒவ்வொரு சாவு முடிந்ததும் என் வீட்டுக்காரர் படத்தை நிறுத்திவிடுவார். செத்தவர் எழுந்து பின்பக்கம் திரும்பி நிற்க வேண்டும், ஜனம் கருத்துச் சொல்லும். ஈவு இரக்கமே இருக்காது. "நாக்கை எதுக்கு அவ்வளவு நீட்டினீங்க, டாக்டர்கிட்டயா காட்டுறீங்க?" என்பார்கள். "செத்தப்புறம் சட்டையை இழுத்து விட்டீங்களே, பொணத்துக்கு என்ன கூச்சம்?" என்பார்கள். நன்றாக இருந்தால் விசிலும் உண்டு. இதற்காகவே சாவதற்கு இடம் கேட்டு ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். ஷோரூம் முதலாளியே ஒரு படத்தில் தண்ணீர் இல்லாத தொட்டியில் மூழ்கிச் செத்திருக்கிறார். எங்கள் தெருமுனை டெய்லர் செத்ததுதான் இதுவரை எடுத்ததிலேயே முதல் தரம் என்று பேச்சு. அந்தப் பெருமையில் மனுஷர் கொஞ்ச நாள் தரையில் நடக்கவில்லை.

செத்தே தீர மாட்டேன் என்று நின்ற ஒரே ஆள் என் அண்ணன்.

அவன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியவன். நாள் முழுக்கத் திட்டிச் சம்பளம் வாங்கியவன். எங்கள் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்த எல்லோரும் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். "கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கு, பவுடர் போடவா?" என்பான். "மெதுவான்னு சொன்னேன். இதான் உங்க மெதுவா?" என்பான். டெய்லர் தையல் மெஷினை மிதிக்கிற ஞாபகத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து, பார்க்கிங் சுவரில் கொண்டுபோய் முட்டியபோது, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அவரை வறுத்தெடுத்தான். ஆனால் அவனிடம் கற்றுக்கொண்ட ஒருவரும் அதற்குப் பிறகு எதன்மேலும் மோதியதில்லை. டெய்லர் உட்பட.

என்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவன். 'அண்ணே' என்பதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறவரைதான். சின்ன வயதில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை, அப்புறம் டிவி ரிமோட்டுக்குச் சண்டை, ஆளுக்கொரு குடும்பம் ஆன பிறகு சண்டை போடுவதற்காகவே போன் செய்வோம். எங்கள் படம் ஒன்றையும் அவன் தவறவிட்டதில்லை. பின்வரிசையில் கமோடு பெட்டிமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "மாப்ள, இந்த ஜாமை பன்னுல தடவிக் குடுத்திருந்தா வந்தவங்க வயிறாவது ரொம்பியிருக்கும்" என்று என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வான். நீயும் ஒரு தடவை நடியேன் என்றால், "எனக்கு வேற வேலை இல்லையா? ஜாமைப் பூசிக்கிட்டுச் சாகணும்னு தலையெழுத்தா?" என்பான்.

அப்புறம்தான் கல்லீரல் போய்விட்டது என்றார்கள். ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை. "குடிச்சிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்" என்று அதற்கும் டாக்டரிடம் எகிறினான். வேறு கல்லீரல் வைக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தக் கூத்து. அந்த வீட்டில் எல்லோரும் குரலைத் தழைத்துக்கொண்டார்கள். அண்ணி, அதாவது அவன் மனைவி, டிவி சத்தத்தை யாருக்கும் கேட்காத அளவுக்குக் குறைத்து வைத்தாள். பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி, கட்டிலோரம் நின்று, அவன் எது சொன்னாலும் மண்டையை மண்டையை ஆட்டினார்கள். நானும்தான். ஒருநாள் பார்க்க வந்த டெய்லரிடம் அண்ணன் வேண்டுமென்றே, "யோசிச்சுப் பார்த்தா காருக்கு பிரேக்கே தேவையில்ல டெய்லரே" என்றான். டெய்லர், "ஆமாங்க மாஸ்டர், நீங்க சொன்னா சரிதான்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான்.

அடுத்த முறை நாங்கள் போனபோது அவன் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, அடுத்த படத்துல என்னைக் கொல்லு" என்றான்.

என் வீட்டுக்காரருக்கு வாயில் போட்ட பிஸ்கட் உள்ளே போகவில்லை. அண்ணி கையிலிருந்த டம்ளரை டங்கென்று மேஜைமேல் வைத்தாள்.

"என்ன பேச்சு பேசுறீங்க? வாயைக் கழுவுங்க முதல்ல. எதுல விளையாடுறதுன்னு ஒரு இது வேணாமா?"

"விளையாடாம என்ன பண்றது? நாள் பூரா மோட்டுவளையைப் பார்க்கவா?"

"ரெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"கேட்டதைக் குடுக்கணும்னும்தான் சொல்லியிருக்காரு. நான் இதைத்தான் கேக்குறேன். குடு."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, தேன் தடவின குரலில், "உடம்பு கொஞ்சம் தேறட்டும்ணே, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அவனுக்குச் சுள்ளென்று வந்தது.

"இதாண்டி, இதைத்தான் சொல்றேன். இப்பவே செத்துப்போன மாதிரி நடத்துறீங்க எல்லாரும். நான் இன்னும் இருக்கேன்டி. முன்வரிசைல உக்காரணும் நான். எழுந்து நிக்கணும். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு என் மூஞ்சிக்கு நேரா யாராவது சொல்லணும். இந்த ஊர்ல அது நடக்குற ஒரே இடம் உங்க குடோன்தான்."

அவன் கேட்டது புரியாமல் இல்லை. ஆனால் பேய் யார்? நான். அந்தக் கழுத்தில் கை வைக்க வேண்டியது யார்? நான். "என்னால முடியாதுண்ணே. என் கையால முடியவே முடியாது. வேற என்ன வேணாலும் கேளு" என்று எழுந்துவிட்டேன்.

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு தெரியும். அதான் டெய்லர் சம்சாரத்துக்கிட்ட நேத்தே கேட்டுட்டேன். அவங்க ரெடி."

"எதுக்கு ரெடி?"

"பேய்க்கு."

நான் பொதுவாகப் பொறாமைக்காரி இல்லை. ஆனால் அன்றைக்கு என் காதில் புகை வந்ததை மறைப்பதற்கில்லை. "அந்தம்மாவா? சிரிச்சா கன்னத்துல குழி விழும், அது பேயா? அது மூஞ்சியைப் பார்த்தா குழந்தைகூட மிட்டாய் கேக்கும். எத்தனை வருஷமா மாவுல ஊறிக்கிட்டு இருக்கேன் நான், என் தொட்டில இன்னொருத்தி வந்து படுப்பாளா?" என்று கத்தினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப லீவு சொல்லிட்டு வா" என்றான். டெய்லர் சம்சாரத்திடம் அவன் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அண்ணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசின முதல் வார்த்தையே, "உங்க கூட்டத்துக்கே கிறுக்கு" என்பதுதான். ஆனாலும் படம் எடுக்கிற அன்றைக்கு அவளும் வந்தாள். மாத்திரைப் பை, வெந்நீர் பாட்டில், போர்வை, பூப்போட்ட தலையணை என்று பிரசவத்துக்குப் போகிற மாதிரி மூட்டையோடு வந்தாள். தொட்டி முதுகை உறுத்தும் என்று உள்ளே போர்வையை விரித்து, தலையணையையும் போட்டாள். "பேயோட தொட்டில தலகாணி எதுக்கு தங்கச்சி?" என்று என் வீட்டுக்காரர் அண்ணியிடம் முனகினார். "ஏன், பேய்க்குக் கழுத்து வலிக்காதா?" என்று அண்ணி ஒரு முறை முறைத்தாள். தலையணை அப்படியே இருந்தது.

கதைப்படி அண்ணன் தொட்டியில் படுத்து, "சைஸ் சரியா இருக்கு" என்கிறான். நான் பின்னாலிருந்து எழுந்து ஷவர் குழாயை, அந்த வளைகிற நீளக் குழாயை, அவன் கழுத்தில் சுற்றி இறுக்க வேண்டும். சுற்றிவிட்டேன். அந்தக் கழுத்து எவ்வளவு மெலிந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சட்டைக் காலருக்குள் இரண்டு கழுத்துப் போகும். இறுக்குகிற மாதிரிக்கூட என்னால் செய்ய முடியவில்லை.

"இழுடி" என்றான் வாயை அசைக்காமல்.

"இழுக்கிறேன்."

"எங்க இழுக்கிறே? குழாய் தொங்குது. ரெண்டு கையாலயும் புடி. ஸ்டியரிங் புடிக்கிற மாதிரி. ஆங். இப்ப மெதுவா... மெதுவா... ஏண்டி ஜெர்க் ஆகுது? கிளட்சை விடுற மாதிரி விடு."

"எனக்கு கிளட்ச் தெரியாது. நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததே இல்ல."

"நீ எங்க கத்துக்கிட்டே? ஒரு நாள் வந்துட்டு, நான் திட்டினேன்னு நடுரோட்ல இறங்கிப் போனவதானே நீ? புடி ஒழுங்கா!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாதாரண அழுகை இல்லை. டாக்டர் கையை விரித்த நாளிலிருந்து பேக்கரியிலும் பஸ்ஸிலும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. மாவு கரைந்து வாய்க்குள் போயிற்று. மூக்கு ஒழுகிற்று. இரண்டு கையிலும் குழாய் இருந்ததால் துடைக்கவும் வழியில்லை. குனிந்தபோது ஒரு மாவு உருண்டை அவன் நெற்றியில் பொத்தென்று விழுந்தது. "த்தூ" என்றான் அண்ணன். அப்புறம் திடீரென்று கண்ணை மேலே செருகி, கையை உதறி, காலை ஷவர் கம்பியில் இடித்துச் செத்தான். செத்த பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "போதுமா மாப்ள?" என்றான். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே இருந்தார், அவர் கண்ணும் சிவந்திருந்தது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

படம் போட்ட அன்று குடோன் நிரம்பி வழிந்தது. மாஸ்டர் சாகிறார் என்று விஷயம் பரவிவிட்டது, அவனிடம் கார் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அண்ணன் முன்வரிசையில், துவைத்துத் தேய்த்த சட்டையோடு, ஒரு பெரிய கமோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நேர் பின்னால் அண்ணி மாத்திரைப் பையோடு இருந்தாள். அவன் சாகிற கட்டம் வந்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேய் மூக்கை உறிஞ்சிற்று, பிணம் 'த்தூ' என்றது, கால் கம்பியில் இடித்து டங்கென்றது. யாரோ விசும்பினார்கள்.

படம் நின்றது. அண்ணன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெதுவாகத் திரும்பி நின்றான். அவன் காத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது.

"நல்லா இருந்துச்சு மாஸ்டர்" என்றார் ஷோரூம் முதலாளி. "அருமையா பண்ணிட்டீங்க" என்றார் பேக்கரி முதலாளியம்மா. எல்லோரும் கை தட்டினார்கள், விரல் நுனியால், மெதுவாக, ஆஸ்பத்திரியில் தட்டுகிற மாதிரி.

அண்ணன் விடவில்லை. "டெய்லரே, நீங்க சொல்லுங்க. உள்ளதைச் சொல்லுங்க."

டெய்லர் எழுந்தார். அவனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் கையிலிருந்த கைக்குட்டையை மடித்தார். "என்னத்த சொல்றது மாஸ்டர். ரொம்ப நல்லா... ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க."

என் அண்ணன் முகம் விழுந்துவிட்டது. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பின அன்றைக்கு இருந்த அதே முகம். இதற்காகவா அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டியில் படுத்தான் என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பாவிகளா, அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தருக்குமா தெரியாது? ஏன், இத்தனை நாளாக நான் மட்டும் என்ன கிழித்தேன்?

"என்னத்த நல்லா பண்ணான்?" என்று எழுந்தேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எல்லாரும் கண்ணைத் திறந்துதானே பார்த்தீங்க? செத்தப்புறம் முழிச்சுப் பார்க்குறான். பொணம் கேள்வி கேக்குது, 'போதுமா மாப்ள'ங்குது! பேய் கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருக்கு, இவன் அதுக்கு டிரைவிங் கிளாஸ் எடுக்குறான். டேய், உனக்குச் சாகவே தெரியலடா!"

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். என் வீட்டுக்காரர் செல்போனைக் கீழே போட்டுவிட்டார். என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் என்னை உற்றுப் பார்த்தான். அப்புறம் இடுப்பில் கை வைத்தான்.

"நீ ஒழுங்கா கொன்னியாடி முதல்ல? மூக்கை உறிஞ்சுற பேயை எங்கயாவது பார்த்திருக்கியா? என் நெத்தில உருண்டை உருண்டையா புடிச்சுப் போடுறே. பேக்கரின்னு நெனச்சியா? குழாயைப் புடிக்கத் தெரியல, பேயாம் பேய்!"

"உன் மூஞ்சியைப் பார்த்தா எந்தப் பேயும் அழும்டா!"

அவ்வளவுதான். டெய்லர் கைக்குட்டையை உதறிப் பையில் போட்டார். "மாஸ்டர், தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு சொல்றேன். தங்கச்சி சொல்றது நியாயம். சாகும்போது யாராவது காலைக் கொண்டுபோய்க் கம்பியில இடிப்பாங்களா? இடது பக்கம் எவ்வளவு எடம் இருக்கு? கண்ணாடி பார்க்க வேணாமா நீங்க?" என்றார். எத்தனை வருஷம் மனதில் போட்டு வைத்திருந்தாரோ. அண்ணன், "சுவத்துல கொண்டுபோய் முட்டினவரு எனக்கு எடம் சொல்றாரு பாரு!" என்று பாய்ந்தான். ஷோரூம் முதலாளி தொட்டிக்குள் தலையணை எதற்கு என்று பிடித்துக்கொண்டார். பேக்கரி முதலாளியம்மா 'த்தூ' என்றதைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்தெல்லாம் ஆட்கள் பெட்டிமேல் ஏறி நின்று கத்தினார்கள். அண்ணன் ஒருத்தரையும் விடவில்லை. யாருக்கு ரிவர்ஸ் வராது, யார் இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு மறந்து போவார்கள் என்று ஆளாளுக்குத் திருப்பிக் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. நடுநடுவே அண்ணி நீட்டின மாத்திரையைத் தள்ளித் தள்ளிவிட்டான். கடைசியில் மூச்சு வாங்கி, பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்து, "அடுத்த படத்துல பாருங்கடா எப்படிச் சாகுறேன்னு" என்றான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

சொன்ன மாதிரியே இன்னும் இரண்டு படத்தில் செத்தான். ஒன்றில் வாஷ்பேசின் விழுந்து செத்தான், சுமார்தான். இன்னொன்றில் அவனால் நடக்க முடியவில்லை. கமோடில் உட்கார்ந்தபடியே செத்தான். அதற்கு விசில் விழுந்தது, டெய்லரே எழுந்து வந்து கை கொடுத்தார். வீட்டில் டிவி பழைய சத்தத்துக்கு வந்தது. பார்க்க வந்தவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். நானும் தினமும் போய் அவனைத் திட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் செத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதைப் பற்றி என்னிடம் கேட்டால், நன்றாக இல்லை. எந்த விதத்திலும் நன்றாக இல்லை.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் விடுமுறை நாளில் சாவி கேட்கப் போகவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. பேக்கரியில் மாவு மூட்டையைப் பிரிக்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் அண்ணி பேக்கரிக்கு வந்தாள். கடையில் கூட்டம் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்ன வேண்டும் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே, "என்னையும் ஒரு தடவை கொல்லு" என்றாள்.

"அண்ணி..."

"இந்தா, இதான். நீயும் ஆரம்பிச்சுடாதே. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் குசுகுசுன்னு பேசுறாங்க. நான் என்ன சொன்னாலும் ஆமாங்கிறாங்க. எனக்கு மூச்சு முட்டுதும்மா. அவரு எப்படித் தவிச்சிருப்பாருன்னு இப்பதான் தெரியுது. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, இந்த வாரமே ஷூட்டிங் வெக்கச் சொல்லு. அந்தத் தொட்டிதான் வேணும்."

வைத்தோம். அண்ணி தொட்டியில் ஏறிப் படுத்து, "சைஸ் சரியா இருக்கு" என்றாள். நான் எழுந்து குழாயைக் கழுத்தில் சுற்றினேன். அவளுக்குக் கழுத்தில் கூச்சம் என்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. குழாய் பட்டதும் நெளிந்தாள். இரண்டாம் தடவை பட்டதும் களுக்கென்றாள். அப்புறம் அடக்க முடியாமல், தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அதைக் காட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

"அண்ணி, சாகும்போது என்ன இளிப்பு? ஒழுங்கா சாவுங்க!" என்று கத்தினேன்.

"நீ முதல்ல ஒழுங்கா கொல்லு, சாகுறேன்!" என்றாள் அவள்.

என் வீட்டுக்காரர் இன்னொரு டேக் என்றார். நான் முகத்தைத் துடைத்து, புதிதாக மாவு அப்பிக்கொண்டு, மறுபடியும் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தேன்.